சரிவில் ஸ்கிட் ஸ்டீர் லோடர்: ஒரு வாரம் ஓட்டிப் பார்த்ததில்

வாடகைக்கு எடுத்த ஸ்கிட் ஸ்டீர் லோடரை (முன்னால் பக்கெட் உள்ள, சக்கரத்தில் ஓடும் சிறிய மண் அள்ளும் வண்டி) வைத்து ஒரு வாரம் சரிவான நிலத்தில் மண் அள்ளினேன். சமதளத்தில் அருமையான வண்டி, நின்ற இடத்திலேயே திரும்புகிறது.

சரிவில் கதையே வேறு. பக்கெட் காலியாக இருந்தால் எஞ்சின் உள்ள பின்பக்கம்தான் கனம், அதனால் மேட்டில் ரிவர்ஸில்தான் ஏற வேண்டும். மண் நிரம்பியதும் கனம் முன்னால் வந்துவிடும், அப்போது முன்பக்கமாக ஏறி, ரிவர்ஸில் இறங்க வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் காலி பக்கெட்டோடு நேராக ஏறினேன், முன்சக்கரங்கள் லேசாகத் தரையை விட்டு எழும்பின பாருங்கள், வயிற்றைக் கலக்கிவிட்டது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சீட் பெல்ட்டும் மடிக்கு மேல் வரும் கம்பியும் நன்றாக இருந்தன, கம்பியைத் தூக்கினால் பக்கெட் அசையாது. ஈர மண்ணில் டயர் வழுக்கியது பெரிய குறை, அங்கே டயருக்குப் பதில் ட்ராக் (பட்டை) மேல் ஓடும் வண்டிதான் சரி. அப்புறம், கையேட்டில் போட்டிருக்கும் சுமை அளவு சமதளத்துக்கானது (சக்கர வண்டிக்கு, எவ்வளவு சுமையில் அது முன்னால் கவிழுமோ அந்த எடையில் 50%), சரிவில் அதை நம்பி நிரப்பாதீர்கள். நான் அரை பக்கெட்தான் அள்ளினேன், அதையும் தரையை ஒட்டியே வைத்துக்கொண்டு, குறுக்கே போகாமல், திரும்புவதைச் சமதளத்துக்கு வந்த பிறகே செய்தேன். நேரம் கூடத்தான் ஆனது, பரவாயில்லை.