காபி நன்றாக இருந்தது, கவுன்சலிங்தான்...

கோவையில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கன்சல்டன்சி ஒன்று, பெயர் வேண்டாம். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை போனேன். ஏசி அறை, ஃபில்டர் காபி, சுவர் முழுக்க நாட்டுக்கொடிகள், கட்டணம் ஒரு பைசா இல்லை. ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அந்த அரை, காபிக்கு.

பிள்ளை பிளஸ் டூ, அமெரிக்காவில் டிகிரி படிக்க ஆசை. அவள் அப்பா கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார், வருடத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் எங்களால் ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். கவுன்சிலர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வருடம் முப்பது லட்சம் ஆகிற ஐந்து கல்லூரிகளை எழுதிக் கொடுத்தார். "மீதிக்கு லோன் போட்டுக்கலாம் சார், வீட்டுப் பத்திரம் இருக்குல்ல?"

நம்மிடம் காசு வாங்காதவர்களுக்குக் கல்லூரிகள் கமிஷன் தருகின்றன. அதில் தப்பில்லை, ஆனால் கமிஷன் தராத கல்லூரியின் பெயர் அந்த மேஜைக்கு வராது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆமர்ஸ்ட், 2022 முதல் டார்ட்மத் எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளை பண உதவி கேட்கிறதா என்று பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்கிறவை, இடம் கொடுத்தால் குடும்பத்தால் முடியாத மிச்சத்தைத் தாங்களே ஏற்கின்றன. கிடைப்பது குதிரைக்கொம்புதான், தெரியும். உதவி தரும் மற்ற கல்லூரிகளில் பெரும்பாலானவை, நாம் எவ்வளவு கேட்கிறோம் என்பதையும் பார்த்துத்தான் சீட்டே தரும். இந்த வித்தியாசத்தை ஒரு தடவைகூட அவர்கள் சொல்லவில்லை, நாங்களாகத் தேடித் தெரிந்துகொண்டோம்.

கேட்டபோது வந்த யோசனைதான் உச்சம். உதவி வேண்டாம் என்று டிக் செய்யுங்கள், போய்ச் சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாமாம். விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னால் கேட்கவே முடியாது என்பது பல கல்லூரிகளில் எழுதிவைத்த விதி. அதற்கும் முன்னால், விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை வாங்கவே முதல் வருடச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும், அதை யார் காட்டுவது?

பண உதவி கேட்பவர்களிடம் பல கல்லூரிகள் குடும்ப வருமானக் கணக்குக் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற படிவத்தைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியவில்லை. வீட்டிலேயே இரண்டு ராத்திரி உட்கார்ந்து நிரப்பினோம். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 16. வருமானம் குறைந்த அமெரிக்கக் குடும்பத்துக்குத் தானாகக் கிடைக்கிற கட்டண விலக்கு நமக்குக் கிடையாது, ஆனால் மெயில் போட்டுக் கேட்டதும் இரண்டு கல்லூரிகள் விலக்குக் குறியீடு அனுப்பின. கேட்கக் கூச்சப்படாதீர்கள். பட்டறைக் கணக்கை மாதச் சம்பளம் மாதிரி கேட்கும் கட்டங்களில் மட்டும் மச்சானும் நானும் சண்டையே போட்டோம்.

கையில் பணம் வைத்துக்கொண்டு பிரிட்டனோ ஆஸ்திரேலியாவோ போகிறவர்களுக்கு இந்த இடம் சரி, விசா காகித வேலை சுத்தம், ஒரு நட்சத்திரம் அதற்குத்தான். உதவி தேவைப்படுகிறவர்கள் சென்னையில் யூஎஸ்ஐஇஎஃப் என்ற இந்திய-அமெரிக்கக் கல்வி அமைப்பு நடத்தும், அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும் எஜுகேஷன்யூஎஸ்ஏ மையத்திடம் முதலில் கேளுங்கள், அங்கே கமிஷன் கணக்கு கிடையாது.

எங்களுக்கு இன்னமும் வாரம் தவறாமல் போன் வருகிறது. ஆஸ்திரேலியாவில் பிப்ரவரி இன்டேக் திறந்திருக்கிறதாம்.