இலங்கை மலையகத்துல எது ஒசத்தி, மத்திய மாகாணமா, ஊவா மாகாணமா?
ரெண்டும் மலைதான், ரெண்டுலயும் நம்ம ஆளுங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்காங்க, ஆனா மத்திய மாகாணத்து நுவரெலியா மாவட்டத்துல தமிழர்தான் அதிகம், ஊவாவுல பதுளைப் பக்கம் சிங்களவங்கதான் அதிகம். கண்டிக்கு 1867லயே ரயில் கோச்சி வந்துருச்சு (கோப்பி மூட்டை இறக்கத்தான், நமக்காக இல்ல), நானுஓயாவுக்கு 1885. ஊவா பாவம், பண்டாரவளைக்கே 1894, பதுளைக்கு 1924 ஆயிருச்சு. எனக்குப் புடிச்சது பட்டிப்பொல தாண்டி வர்ற சுரங்கம், அதுதான் ரெண்டு மாகாணத்துக்கும் எல்லை, ஜூலைல இந்தப் பக்கம் தூறல்ல ஜன்னல சாத்திட்டு நடுங்கிக்கிட்டே வருவோம், அந்தப் பக்கம் ஒஹியவுல பளிச்சுனு வெயில் அடிக்கும். அந்தக் காஞ்ச காத்துலதான் ஊவா தேயிலைக்கு தனி வாசம். உயரம்னா 2,524 மீட்டர் பிதுருதலாகலை, மத்திய மாகாணம். பாலம்னா தெமோதரை ஒன்பது வளைவு, என் ஓட்டு ஊவாவுக்கு.