கடலிலிருந்து எழும் டிராகன்: பவர் ரேஞ்சர்ஸ் 21ஆம் எபிசோடு, மறுபார்வை

‘மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ்’ தொடரில் எதையாவது ஒன்றை மட்டும் பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டச் சொன்னால், அது முதல் சீசனின் 21ஆவது எபிசோடுதான். ‘கிரீன் வித் ஈவில்’ என்ற ஐந்து பாகக் கதையின் கடைசிப் பாகம். 1993 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் கிட்ஸ் என்ற குழந்தைகள் டிவி ஒளிபரப்பில் முதன்முதலாக வந்தது. ஓர் இயந்திர டிராகன் கடலைக் கிழித்துக்கொண்டு எழுந்து துறைமுகத்துக்குள் இறங்கும் காட்சி இதில் இருக்கிறது. கடல் தெரிந்த கண்ணுக்கு அந்தக் காட்சியில் ரசிக்கவும் இருக்கிறது, குற்றம் சொல்லவும் இருக்கிறது.

கதை சுருக்கம்தான். நிறத்துக்கொன்றாக உடையும் ஹெல்மெட்டும் மாட்டி அரக்கர்களோடு மோதும் இளசுகள்தான் ரேஞ்சர்கள். டாமி என்ற புதுப் பையனைச் சூனியக்காரி ரீட்டா வசியம் பண்ணிப் பச்சை ரேஞ்சராக்கி, மற்ற ஐந்து ரேஞ்சர்கள் மேலேயே ஏவிவிடுகிறாள். நாலாம் பாகத்தில் கிரகணத்தை வரவழைத்து, சூரிய சக்தியில் ஓடும் அவர்களுடைய ராட்சத ரோபோ மெகாஜோர்டை விழுத்தாட்டியாயிற்று. ஐந்தாம் பாகத்தில் டாமி கையில் ஒரு கத்தி வருகிறது. அதை ஊதினால் டிராகன்ஜோர்டு என்ற அந்த இயந்திர டிராகன் கடலிலிருந்து வரும்.

ஊதுவதில்தான் முதல் சிரிப்பு. புல்லாங்குழல் மாதிரி கத்தியை ஹெல்மெட்டின் வாய்ப்பக்கம் வைத்து விரலை ஓட்டுகிறான். ஹெல்மெட்டில் வாய் இருக்கும் இடம் முழுக்க மூடியிருக்கிறது, காற்றுப் போக ஓட்டை கிடையாது. கீழக்கரையில் சங்கு ஊதிப் பார்த்த எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டுவிடும். பதில் சொல்லத் தேவையில்லை. மெட்டு நன்றாக இருக்கிறது, ஒரு தடவை கேட்டால் நாள் முழுக்க வாயில் வரும்.

இனி அந்தக் கடல் காட்சி. டிராகன்ஜோர்டு பெரிய கடலில் எழவில்லை, தண்ணீர்த் தொட்டியில்தான் எழுகிறது. சின்னப் பொருளைப் பெரிசாகக் காட்டக் காமிராவை வேகமாக ஓடவிட்டு, படத்தை மெதுவாகப் போடுவார்கள். அதற்குக் கணக்கு உண்டு: அளவு எத்தனை மடங்கு சின்னதோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு வேகத்தைக் கூட்ட வேண்டும். உருவம் 25இல் ஒரு பங்கு என்றால் ஐந்து மடங்கு வேகம். வினாடிக்கு 24 ஃபிரேம் என்பது 120 ஆக வேண்டும். அப்போதுதான் விழும் நீருக்கும் சாயும் சுவருக்கும் கனம் வரும்.

நேரத்தை இப்படி ஏமாற்றலாம், சொட்டை ஏமாற்ற முடியாது. காற்றில் விழும் தண்ணீர்ச் சொட்டு ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் பெருத்தால் உடைந்துவிடும். அந்த ஐந்து மில்லிமீட்டர்ச் சொட்டு, 25இல் ஒரு பங்கு உருவத்தின் தோளிலிருந்து வழியும்போது, கண்ணுக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. உரித்த தேங்காய் அளவில் சொட்டுச் சொட்டாகக் கடல் வடிந்தால் எப்படி இருக்கும்? டிராகனின் மார்பிலிருந்து நீர் இறங்கும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள், தெரியும். உண்மையில் அவ்வளவு உயரத்திலிருந்து கொட்டும் நீர் பாதி வழியிலேயே உடைந்து தூவானமாகிவிடும். காற்று நாளில் பாம்பன் பாலத் தூணில் அலை அடித்துச் சிதறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு குறையும் இருக்கிறது. அத்தனை பெரிய உடம்பு மேலே வருவதற்கு முன்னால் நீர்மட்டம் மேடாக உப்ப வேண்டும். வந்த பிறகு சுற்றியுள்ள தண்ணீர் பள்ளத்துக்குள் சுழித்து இறங்க வேண்டும். இங்கே சிற்றலைதான் ஓடுகிறது. மன்னார் வளைகுடாவின் ஆண்கடலைக் காட்ட நினைத்து, பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடலைக் காட்டிவிட்டார்கள் என்று சொல்லலாம். இருந்தும் காட்சி நிற்கிறது. காமிராவைத் தாழ வைத்து, முதலில் தலையை மட்டும் காட்டி, உடம்பைப் பிறகு எழவிட்ட வரிசை சரியாக அமைந்திருக்கிறது.

கரையேறிய பிறகு விரல் நுனியிலிருந்து ஏவுகணை, வாலில் துளைகருவி. உள்ளே ஆள் நின்று நடிக்கும் உடுப்பு என்பதால் வால் இழுபடும், திரும்பல் மந்தமாக இருக்கும். அந்த மந்தமே உருவத்துக்குப் பாரத்தைக் கொடுக்கிறது. மெகாஜோர்டு பக்கம்தான் விறைப்பு அதிகம், முழங்கால் மடங்குவதே இல்லை.

நகரம் நொறுங்கும்போது தெருவில் ஆள் நடமாட்டம் காட்டப்படுவது மிகக் குறைவு. குழந்தைகள் நிகழ்ச்சி என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைத் தாத்தா, அப்பத்தா வாயால் கேட்டு வளரும் வீடுகளில், இந்த ஆளில்லாத் துறைமுகம் ஒரு நிம்மதிதான்.

ரேஞ்சர் சண்டை, ராட்சதச் சண்டை பெரும்பாலும் ஜப்பானின் தோய் நிறுவனம் 1992இல் எடுத்த ‘கியோரியு சென்டாய் ஜூரேஞ்சர்’ தொடரின் படச்சுருள். முகம் தெரியும் காட்சிகளை அமெரிக்காவில் எடுத்து நடுவில் தைத்தார்கள். தையல் எங்கே என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளை விட்டால் அது தனி விளையாட்டு. பச்சை ரேஞ்சரின் மார்புக் கவசத்தைக் கவனியுங்கள்: ஜப்பான் காட்சியில் விறைப்பாக மின்னும், அமெரிக்கக் காட்சியில் மெத்தை உறை மாதிரித் தொய்ந்து மடியும். மஞ்சள் ரேஞ்சர் டிரினி பெண். ஆனால் ஜப்பான் தொடரில் மஞ்சள் உடைக்காரன் ஆண், அதனால்தான் இளஞ்சிவப்புக்கு இருக்கும் குட்டைப் பாவாடை மஞ்சளுக்கு இல்லை. ரீட்டாவின் முகம் ஜப்பான் நடிகை மச்சிகோ சோகாவுடையது. ஆங்கிலக் குரல் பார்பரா குட்சன். உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். அதுவும் சூனியக்காரிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

முடிவு அவசரம். சிவப்பு ரேஞ்சர் ஜேசன் தனியாகப் போய் டாமியோடு மோதி, வசியத்தைக் கட்டிவைத்திருக்கும் வாளை அழிக்கிறான். டாமி தெளிந்ததும் கை கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறான். ஐந்து பாகம் அடி வாங்கியவர்கள் இவ்வளவு சீக்கிரம் மன்னிப்பார்களா? இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம். ஆனால் டாமியாக நடித்த ஜேசன் டேவிட் ஃபிராங்க், தலை குனிந்து நிற்கும் அந்த இடத்தை மிகையில்லாமல் செய்திருக்கிறார். 2022இல் அவர் காலமான பிறகு பார்ப்பவர்களுக்கு அது கூடுதலாகவே உறைக்கும்.

எந்தப் பிரதி என்பது முக்கியம். 2010இல் முதல் 32 எபிசோடுகளை மறுபடி வெட்டி, காமிக்ஸ் பாணி எழுத்தும் வண்ணமும் தூவி வெளியிட்டார்கள். 21ஆவதும் அதில் மாட்டியது. சண்டைக்கு நடுவே பட்டையாக எழுத்து பாய்ந்தால் அந்தப் பிரதிதான், விட்டுவிடுங்கள். யூடியூபில் யாரோ ஏற்றியவற்றில் படத்தை இடவலம் திருப்பி, குரலை மெலிதாக்கியிருப்பார்கள். உடற்பயிற்சிக்கூடக் காட்சியில் சுவர் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரிந்தால் புரிந்துகொள்ளலாம்.

டிவியில் பட அளவை 4:3க்கு மாற்றுங்கள். அகலத்துக்கு இழுத்தால் டிராகன் குட்டையாகி உயரமே போய்விடும். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இடையிடையே புது ஃபிரேமைச் செருகும். மெதுவாக்கிப் போட்ட தொட்டிக் காட்சி உடனே பொம்மையாகத் தெரியும். பென் டிரைவில் போடுவதாக இருந்தால், உப்புக்காற்றில் முனை பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு செருகினால் நடுவில் நிற்காது.

ஐந்து பாகமும் சேர்ந்து நூறு நிமிடம்போல வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத நாட்களில் அப்பாமார் வீட்டில்தான் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் முதல் பாகம், நாலாவது, ஐந்தாவது போதும். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் நாலாவதையும் தள்ளிவிடுங்கள், மெகாஜோர்டு வீழ்வதைப் பார்த்து அழுதுவிடுவார்கள்.