ஒரு லீஸ்டு லைனா, இரண்டு சாதாரண லைனா?

சிறு நிறுவனத்துக்கு இணைய இணைப்பு எடுக்கும்போது பலரும் முதலில் கேட்பது எத்தனை எம்பிபிஎஸ் என்றுதான். பில் போடுவது, ஆர்டர் எடுப்பது எல்லாமே இணையத்தை நம்பி இருந்தால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. லைன் போனால் எவ்வளவு நேரத்தில் திரும்ப வரும்?

சாதாரண ஃபைபர் பிராட்பேண்ட் விலைக்கு நல்ல சரக்குதான். ஓர் இழையைப் பலருக்குப் பிரித்துத் தரும், பரவலாக உள்ள ஜிபான் (GPON) முறையில் ஓர் இழையில் வரும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 இணைப்புகள் பங்கு போட்டுக்கொள்ளும். நெரிசல் நேரத்தில் வேகம் குறையலாம், அது பெரிய தொல்லை இல்லை. பழுதானால் வீட்டு இணைப்புகளோடு சேர்ந்து வரிசையில் காத்திருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை.

லீஸ்டு லைனில் அலைவரிசை முழுக்க உங்களுக்கே. அப்லோடும் டவுன்லோடும் ஒரே வேகம், ஸ்டாடிக் ஐபி என்ற மாறாத இணைய முகவரி, கூடவே எஸ்எல்ஏ என்ற சேவை உறுதி ஒப்பந்தம். விலை பல மடங்கு. அந்த ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். லைன் இயங்கும் நேரம் 99.5 சதவீதம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 44 மணி நேரம் லைன் இல்லாமல் போகலாம், 99.9 என்றால் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மீறினால் கிடைப்பது பெரும்பாலும் பில்லில் கழிவு மட்டுமே, அன்றைக்குப் போன வியாபாரம் போனதுதான். சாலை தோண்டும் இயந்திரத்துக்கு லீஸ்டு லைன், சாதாரண லைன் என்ற பேதமும் கிடையாது.

4ஜி, 5ஜி இணைப்புக்கு வாசல்வரை கேபிள் வேண்டாம் என்பதே அதன் பலம். டவரில் கூட்டம் கூடினால் வேகம் சரியும். பல நிறுவனங்கள் பொது ஐபி தருவதில்லை, அதனால் வெளியிலிருந்து அலுவலக கேமராவையோ சர்வரையோ நேரடியாக எட்ட முடியாது. கேபிளும் டவரும் எட்டாத இடத்துக்குச் செயற்கைக்கோள். அதிலும் தாழ்வட்டப் பாதையில் சுற்றுவதே மேல். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது வழியாகப் போனால் பதில் வரவே அரை நொடிக்கு மேல் ஆகும், பேச்சு தடுமாறும்.

என் தேர்வு: பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு ஒரு ஃபைபர், அப்புறம் வேறொரு நிறுவனத்தின் 4ஜி அல்லது 5ஜி, இரண்டையும் இணைத்து, ஒன்று போனால் மற்றதற்கு மாறும் டூயல் வேன் (dual WAN) ரவுட்டர். இரண்டு ஃபைபர் எடுத்து இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே வெட்டில் இரண்டும் போகும். அலுவலகத்திலேயே சர்வர் வைத்திருப்பவர்களும் நாள் முழுக்கப் பெரிய ஃபைல்களை ஏற்றுபவர்களும் லீஸ்டு லைன் எடுக்கலாம், அவர்களுக்கும் மொபைல் மாற்று வேண்டும்.

கேபிள் இணைப்பில் இருந்தாலே லைன் நன்றாக இருக்கிறது என்று சில ரவுட்டர்கள் நம்பிவிடும். வெளி முகவரிக்குப் பிங் என்ற சிறு சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று சோதிக்கும்படி அமைத்துவிட்டு, மொபைலுக்கு மாறுகிறதா என்று வேலை நேரத்திலேயே ஒருமுறை ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள். ரவுட்டர், ஃபைபர் வந்து சேரும் பெட்டியான ஓஎன்டி, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.