ஒயில் லைட் மினுங்கினால்: தடித்த ஒயிலா, புதிய பம்பா, பெயரிங்கா, மாற்று எஞ்சினா?

ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக ஒரே ஓட்டமாக வந்து, திருகோணமலை நகருக்குள் ஒரு சந்தியில் வண்டியை நிறுத்துகிறீர்கள். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியதும், ஒயில் அழுத்தம் குறைவதைச் சொல்லும் சிவப்பு ஒயில் லைட் மினுங்குகிறது. அக்சிலரேட்டரைச் சற்று மிதித்தால் அணைந்துவிடுகிறது. பழைய பஜெரோ, பிராடோ வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பின்னும் வரி மலைபோல நிற்கிறது. ஆகவே இருக்கிற ஜீப்பைத் திருத்தியே ஆக வேண்டும். எப்படித் திருத்துவது என்று கேட்டால், கராஜுக்குக் கராஜ் பதில் மாறுகிறது. "தடித்த ஒயில் ஊற்றுங்கள் அண்ணன்" என்பார் ஒருவர். ஒயில் பம்பை மாற்றச் சொல்வார் இன்னொருவர். கிராங்க் ஷாப்டைத் தாங்கும் பெயரிங் போய்விட்டது என்பார் மூன்றாமவர். நான்காமவர் எஞ்சினையே இறக்கிவிட்டு ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சினை ஏற்றச் சொல்வார்.

இந்த நான்கில் எதையும், ஒயில் அழுத்தம் எவ்வளவு என்ற எண் கையில் இல்லாமல் தேர்ந்தெடுக்கக் கூடாது. லைட் என்பது ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சுவிட்ச். டாஷ்போர்டில் உள்ள முள்ளும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. கடற்கரையோர வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஒயில் சுவிட்சின் முனைதான். சொக்கெற்றைப் பிடுங்கிப் பாருங்கள்: பித்தளையின் மேல் பச்சைப் பூஞ்சணம் போல உப்பு பூத்திருக்கும், வயரின் உறை வெடித்திருக்கும், சுவிட்சுக்கு உள்ளிருந்தே ஒயில் கசிந்து சொக்கெற்றுக்குள் தேங்கியிருக்கும். எஞ்சினில் சத்தமில்லை, ஒயில் குச்சியில் அளவு சரி, ஆனால் லைட் மட்டும் எரிகிறது என்றால், சுவிட்சும் வயரும் குற்றவாளியாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திக் கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

அந்தச் சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் கையால் படிக்கும் மெக்கானிக்கல் கேஜைப் பூட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகு ஐடிலிலும் நிமிடத்துக்கு 3000 சுற்றிலும் அழுத்தத்தை அளவெடுங்கள். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அலகு) என்ற வாய்ப்பாட்டை எல்லோரும் சொல்வார்கள். அதைக் கொண்டு தீர்ப்பெழுதாதீர்கள். பல டொயோட்டா எஞ்சின்களின் கையேட்டில் ஐடிலுக்குக் கேட்கப்படுவது சதுர சென்ரிமீற்றருக்கு 0.3 கிலோ, அதாவது ஏறத்தாழ 4.3 பிஎஸ்ஐ மட்டுமே. 3000 சுற்றில் 2.5 கிலோவுக்கு மேல், அதாவது 36 பிஎஸ்ஐயாவது வேண்டும். ஜீப் செரோக்கியின் 4 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்கோ ஐடிலிலேயே 13 பிஎஸ்ஐ வேண்டும். ஒன்றுக்கு நோய், மற்றொன்றுக்கு ஆரோக்கியம். லைட் எரியும் எல்லையும் பொதுவாக நான்கு முதல் ஏழு பிஎஸ்ஐக்குள்தான் இருக்கிறது. எனவே ஐடிலில் லைட் ஒருமுறை மினுங்கியதற்காக எஞ்சினைக் கீழே இறக்கச் சொல்பவரிடம், உங்கள் எஞ்சினுக்குரிய கையேட்டு எண்ணைக் கேளுங்கள்.

இரண்டு அளவுகளையும் சேர்த்துப் படித்தால் நோய் எங்கே என்று தெரிய ஆரம்பிக்கும். சூட்டில் ஐடிலில் குறைவு, வேகத்தில் சரி என்றால் ஒயில் நீர்த்திருக்கிறது அல்லது பெயரிங் தேய்ந்திருக்கிறது. குளிரிலும் சூட்டிலும் எந்தச் சுற்றிலும் குறைவென்றால் அழுத்தம் மிஞ்சும்போது மட்டும் திறக்க வேண்டிய ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், பம்பும் தேய்ந்திருக்கலாம். சுற்று ஏற ஏற அழுத்தம் விழுகிறதென்றால் எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்புக்குள், பம்ப் ஒயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் வலைதான் அடைபட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். முன்பு சம்பை ஒட்டியவர் அள்ளிப் பூசிய சிலிக்கன் துண்டுதுண்டாக உதிர்ந்து அந்த வலையில் போய் ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது.

இனி நான்கு யோசனைகளுக்கு வருவோம். அதிகம் விற்பனையாகும் யோசனை தடித்த ஒயில்தான். 15டபிள்யூ-40க்குப் பதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் கேஜ் உடனே ஏறும் (பின்னால் வரும் எண் சூட்டில் ஒயிலின் தடிப்பைச் சொல்வது). அதில் ஏமாற்று எதுவுமில்லை. 100 பாகை செல்சியஸில் 40 தர ஒயிலின் பிசுக்குமை 12.5 முதல் 16.3 வரை, 50 தரத்துக்கு 16.3 முதல் 21.9 சென்ரிஸ்டோக்ஸ் வரை என்பது எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் வரையறை. குளிர் நாட்டில் தடித்த ஒயில் காலையில் எஞ்சினுக்குள் ஏறத் திணறும் என்பார்கள். கச்சான் காற்று அனலாக வீசும் நம் ஊரில் அந்தக் கவலை பெரிதல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பெயரிங் இடைவெளி இரு மடங்கானால் அதன் வழியே ஒழுகும் ஒயில் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது, ஏனெனில் கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஒயிலின் தரத்தை ஒரு படி ஏற்றுவதால் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது. கையேட்டு எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 நல்ல துணை. அதை நான் மனமாரச் சொல்வேன். எல்லைக்குக் கீழே போன எஞ்சினுக்கு அது முகத்திரை மட்டுமே.

அதற்கு முன், பழைய ஒயிலையே ஒருமுறை முகர்ந்து பாருங்கள். குச்சியில் அளவு கூடியிருந்து டீசல் மணமும் வீசினால், டீசல் எங்கிருந்தோ கலந்து ஒயிலைத் தண்ணீராக்குகிறது. அந்தக் கசிவை அடைத்து, ஒயிலை மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடலாம். ஒயிலுக்கு நாம் தூரம் போக வேண்டியதும் இல்லை. லங்கா ஐஓசியின் ஒயில் கலவை ஆலை திருகோணமலையிலேயே இருக்கிறது.

பம்பை மாற்றும் யோசனையில் எனக்கு நம்பிக்கை குறைவு. பம்ப் ஒயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அழுத்தத்தை உண்டாக்குவது அந்த ஒயில் போகும் வழியில் உள்ள தடை. நிலாவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைப்பவரைக் கேளுங்கள்: குழாயில் வழிநெடுக ஓட்டை இருந்தால் புதிய மோட்டார் வாங்கியும் கடைசிப் பாத்திக்கு நீர் ஏறாது. எந்நேரமும் ஒயிலில் நனைந்தபடியே ஓடுவதால் பம்ப் மெதுவாகத்தான் தேய்கிறது. இருந்தும் பலர் பம்பையே முதலில் மாற்றுகிறார்கள், ஏனென்றால் அது கடையில் பெட்டியோடு கிடைக்கும் ஒரு பொருள். பல டீசல் எஞ்சின்களில் அது முன்பக்கம் டைமிங் மூடிக்குள் இருப்பதால் வேலைக்கூலியும் சிறியதல்ல. ரிலீஃப் வால்வைக் கழற்றித் துடைத்து, பம்பின் பற்சக்கர இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்து, எல்லை தாண்டியிருந்தால் மட்டுமே புதிய பம்ப் வாங்குங்கள்.

நான் சார்ந்து நிற்பது சம்பைத் திறக்கும் கட்சி. பெரும்பாலான ஜீப்புகளில் முன் டிஃபரன்ஷியல் குறுக்கே கிடப்பதால் அதையும் இறக்க வேண்டிவரும்; சோம்பலுக்கு இடமில்லாத வேலை. ஆனால் ஒரே திறப்பில் வலையும் தெரியும், பெயரிங்கும் தெரியும். அதற்கு முன்பே ஒயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பிடியுங்கள். காந்தத்தில் ஒட்டாத பளபளப்பு நிறையத் தெரிந்தால் பெயரிங் பேசிவிட்டது என்று பொருள். பிக் எண்ட் (கிராங்க் ஷாப்டைப் பற்றும் கனெக்டிங் ரொட்டின் கீழ் முனை) மூடி ஒன்றைக் கழற்றி, பெயரிங்கின் பாதியான ஷெல்லைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிற மேல்பூச்சு தேய்ந்து செம்பு தலைகாட்டினால் வேறு சாட்சி தேவையில்லை. நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து மூடியை முறுக்கினால் இடைவெளியின் எண்ணும் கிடைத்துவிடும். 0.10 மில்லிமீற்றரை நெருங்கினால் பல எஞ்சின்களுக்கு அதுவே எல்லை.

பெயரிங்குக்குள் சுழலும் கிராங்க் ஷாப்டின் கழுத்து நகத்துக்கு வழவழப்பாகவும், மைக்ரோமீற்றருக்கு வட்டமாகவும் இருந்தால், எஞ்சினை இறக்காமலே கீழிருந்து ஸ்டாண்டர்ட் ஷெல்களை மாற்றிவிடலாம். செலவில் சிறியது, பயனில் பெரியது. கழுத்தில் கீறல் இருந்தால் அல்லது அது நீள்வட்டமாகியிருந்தால் எஞ்சின் கீழே வர வேண்டும், லேத் பட்டறையில் கிரைண்டிங் செய்ய வேண்டும், சிறிதான கழுத்துக்கு ஏற்ற 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் அண்டர்சைஸ் ஷெல் போட வேண்டும். கோணிய கிராங்கில் புதிய ஷெல் போடுவதை யார் மலிவாகச் செய்து தருகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள்.

மாற்று எஞ்சின், கிரைண்டிங் செய்யும் நிலை வந்த பிறகே கணக்கில் எடுக்க வேண்டியது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும், வேலையும் வேகமாக முடியும். ஆனால் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. சம்பைக் கழற்றிக் காட்டச் சம்மதித்தால் மட்டுமே பேரம் பேசுங்கள். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும். நம்பகமான லேத் பட்டறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்குமானால் நான் சொந்த எஞ்சினையே ஓவர்ஹோல் செய்வேன்.

எந்த வழியில் போனாலும், வேலை முடிந்த எஞ்சினை உடனே உயிர்ப்பிக்காதீர்கள். ஃபில்டரை ஒயிலால் நிரப்பிப் பூட்டி, எரிபொருளைத் துண்டிக்கும் சொலனொயிட்டின் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுழற்றுங்கள். மெக்கானிக்கல் கேஜின் முள் எழுந்த பிறகு வயரைப் பூட்டினால் போதும்.