மைக்ரோ, நீளம், வட்டம்: புற்றுநோயில் எந்த ஆர்என்ஏவை நம்பலாம்?

செல்லில் எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்று இழுத்துப் பிடிக்கிற ஆர்என்ஏக்கள் (மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் இழைகள்) ஒரு பெரிய கூட்டம். புற்றுநோயில் அந்தப் பிடி நழுவுகிறது. இதைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வருவது மூன்று வகை: மைக்ரோஆர்என்ஏ, நீள் ஆர்என்ஏ, வட்ட ஆர்என்ஏ. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. நோயைப் புரிந்துகொள்ள மைக்ரோ, கண்டறிய நீளம், வட்டத்துக்கு இன்னும் பொறுமை வேண்டும்.

மைக்ரோஆர்என்ஏ சுமார் 22 எழுத்துதான் (எழுத்து என்றால் இழையில் வரிசையாகக் கோர்த்திருக்கும் வேதி அலகு). அதிலும் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள் ஒரு தூது ஆர்என்ஏவின் (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏ) வால்பகுதியோடு பொருந்தினாலே பெரும்பாலும் போதும், அந்தத் தூதிலிருந்து வரும் புரதம் குறைந்துவிடும். பொருந்த வேண்டியது இவ்வளவு சின்னது என்பதால் ஒரே மைக்ரோஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடுகிறது. நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோயில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு 13ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அங்கே புரதம் தருகிற மரபணு ஏதாவது தொலைந்திருக்கும் என்றுதான் பல காலம் தேடினார்கள். 2002இல் புற்றுநோய் ஆய்வாளர் கார்லோ குரோச்சேயின் குழு பார்த்தபோது அந்த இடத்தில் இருந்தவை மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோஆர்என்ஏக்கள். இவை பிசிஎல்2 என்ற புரதத்தை அடக்கி வைப்பவை என்று 2005இல் தெரிந்தது. பிசிஎல்2 செல்லைச் சாகவிடாமல் தடுக்கும் புரதம், அதை அடக்க ஆள் இல்லாமல் போனதும் சாக வேண்டிய செல்கள் சேர்ந்துகொண்டே போயின. காரணமும் விளைவும் இவ்வளவு தெளிவாகக் கோர்த்து வருகிற கதை மற்ற இரண்டு வகையிலும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் மருந்து என்று வந்தால், பல மரபணுக்களை ஒரே நேரத்தில் தொடும் அதே பலம்தான் பயம். மிர்-34 நல்ல பிள்ளை, பி53 என்ற காவல் புரதம் தூண்டிவிடும் புற்றுநோய்த் தடுப்பு மைக்ரோஆர்என்ஏ. அதன் நகலைக் கொழுப்புக் குமிழியில் அடைத்து நோயாளிகளுக்குக் கொடுத்த முதல் கட்டச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளாலும் உயிரிழப்புகளாலும் 2016இல் நிறுத்தப்பட்டது. இதில் பங்கேற்றவர்கள் வேறு வழி தீர்ந்துபோய் வந்தவர்கள் என்பதை நினைக்கும்போது மனசு கனக்கிறது. ஒரே மரபணுவைக் குறிவைத்து அடக்கும் குறுக்கீட்டு ஆர்என்ஏ என்ற மருந்து வகை 2018இலேயே வேறொரு நோய்க்கு அனுமதி வாங்கிவிட்டது. வலையை மொத்தமாக அசைப்பதைவிட ஒரு கண்ணியை வெட்டுவதுதான் இப்போதைக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

அப்புறம் நீள் ஆர்என்ஏ. 200 எழுத்துக்கு மேல் இருந்து புரதம் தராவிட்டால் இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும், அதனால் உள்ளே என்னவெல்லாமோ இருக்கிறது. மாலட்1 என்ற நீள் ஆர்என்ஏ நுரையீரல் புற்று பரவுவதோடு சேர்ந்து வருகிறது என்று 2003இல் சொன்னார்கள். 2018இல் எலிகளில் செய்த ஆய்வு மார்பகப் புற்று பரவுவதை அது தடுக்கிறது என்றது! எந்தத் திசையில் இழுக்கிறது என்றே சண்டை நடக்கும் ஒன்றை நம்பி மருந்து செய்ய நான் அவசரப்பட மாட்டேன். ஆனால் கண்டறிதலில் இது ஜெயிக்கிறது: புராஸ்டேட் புற்றில் மிகுந்து காணப்படும் பிசிஏ3 என்ற நீள் ஆர்என்ஏவைச் சிறுநீரிலேயே அளக்கும் சோதனைக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு ஆர்என்ஏ என்ன வேலை செய்கிறது என்று முழுசாகத் தெரியாமலேயே அதை அடையாளமாகப் பயன்படுத்தலாம்.

வட்ட ஆர்என்ஏவுக்கு முனையே கிடையாது, முனையிலிருந்து அரித்துத் தின்னும் நொதிகளுக்குப் பிடி கிடைக்காததால் நீண்ட நேரம் தாங்கும். சிஆர்எஸ்-7 என்ற வட்டத்தில் மிர்-7 என்ற மைக்ரோஆர்என்ஏ ஒட்டுவதற்கு 70க்கும் மேற்பட்ட இடங்கள் இருப்பதாக 2013இல் தெரிந்ததும், எல்லா வட்டமும் மைக்ரோஆர்என்ஏவை உறிஞ்சும் பஞ்சு என்பதுபோல ஆய்வுக்கட்டுரைகள் குவிந்தன. பெரும்பாலான வட்டங்களில் அத்தனை இடங்கள் இல்லை. அதைவிட என்னை யோசிக்க வைத்தது 2020இல் வந்த ஒரு ஆய்வு. பெருங்குடல் புற்றில் சிஆர்எஸ்-7 கட்டியை வளர்க்கிறது என்று பலர் எழுதியிருந்தார்கள், திசுவை மொத்தமாக அரைத்து அளந்தால் அது இருக்கத்தான் செய்யும். அரைக்காமல் மெல்லிய சீவலாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது புற்றுச் செல்களில் அது இல்லை, சுற்றியிருந்த தாங்குதிசுச் செல்களில்தான் நிறைந்திருந்தது.