மலை வக்கீல்களின் தொடர்பு வட்டம்: சில ஆண்டு அனுபவம்

கூடலூரில் தொழில் செய்யும் நான், நீலகிரி, கொடைக்கானல், சென்னை, மதுரை என்று சிதறிக் கிடக்கும் பொதுநல வழக்கறிஞர்களின் வட்டம் ஒன்றில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். சேர்ந்தால் பயன் உண்டா என்று இளம் வக்கீல்கள் கேட்கிறார்கள். உண்டு. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அதைத் தேடாதீர்கள். அங்கே பொங்கல் வாழ்த்தும் யாரும் படிக்காத தீர்ப்பு நகல்களும்தான் குவிகின்றன.

எங்கள் மேல்முறையீடுகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். கொடைக்கானல்காரர்களுக்கு 2004 முதல் அதன் மதுரைக் கிளை. அங்கே பளியர் பழங்குடிகளுக்காக என்ன வாதாடினார்கள் என்பது இங்கே காட்டுநாயக்கர் பழங்குடிகளுக்காக நிற்கும் எனக்கு முன்பெல்லாம் எட்டாது. வட்டத்தில் சேர்ந்தபின் ஒரு முறை, காட்டு நிலத்தில் உரிமை கேட்கும் வன உரிமை மனு ஒன்றைக் கோட்ட அளவிலான குழு ஏற்கவில்லை என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாவட்டக் குழுவுக்குப் போக அறுபது நாள் கெடு. கொடைக்கானல் நண்பர் தம் பழைய மேல்முறையீட்டு மனுவை அன்றிரவே அனுப்பினார். முடிவை மனுதாரருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும், கெடுவை முப்பது நாள் நீட்டிக்கலாம் என்ற 2012 திருத்த விதியை அதில் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். முதியவர்களின் வாக்குமூலமும் பழைய இடுகாடும் சான்றாகும் என்ற பத்தியை அப்படியே எடுத்துக்கொண்டு ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன்.

குறை என்றால், எதைச் சொன்னாலும் பொதுநல வழக்காக்கிவிடலாம் என்று துள்ளும் நகரத்து உறுப்பினர்கள். கூடலூர் மரவெட்டைப் பற்றி நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 1996 டிசம்பர் உத்தரவோடு நாடு முழுவதன் காடுகளையும் பிடித்துக்கொண்டது. வழக்கைத் தொடுப்பவர் கையில் கடிவாளம் கடைசிவரை இருப்பதில்லை. கூடலூரின் ஜென்மி நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் சிக்கலில் இன்னும் பட்டாவுக்குக் காத்திருப்பவர்களைக் கேட்காமல் யாரும் ரிட் மனு போடக்கூடாது என்று சண்டை பிடித்தே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். அதில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள், எனக்கு வருத்தமில்லை.

கூட்டங்களை ஊட்டியிலேயே வைப்பது இன்னொரு எரிச்சல். ஜூலை மழையில் கூடலூரிலிருந்து நடுவட்டம் மலைச்சாலை ஏறிப் பாருங்கள், தெரியும்.

சேருபவர்கள் சீனியர்களின் எண்ணைவிட அவர்களுடைய குமாஸ்தாக்களின் எண்ணை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு எந்த நீதிமன்றத்தில் எத்தனையாவதாக வருகிறது, நகல் மனு எந்த மேசையில் நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.